ஆர்ல் போகிறீர்களா? ரோமானியக் கற்களை இந்த வரிசையில் பாருங்கள்

பிரான்சின் தெற்கே, ரோன் நதி இரண்டு கிளையாகப் பிரிந்து கடலைத் தேடிப் போகிற இடத்தில் இருக்கிறது ஆர்ல். சின்ன ஊர்தான். பழைய நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். அதனால்தான் பலர் இதற்கு அரைநாள் மட்டும் ஒதுக்குகிறார்கள். அவின்யோனில் தங்கிக்கொண்டு காலையில் வந்து, வட்டரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஓவியர் வான்கோ வரைந்த காப்பிக்கடை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். கேட்டால், "எல்லாம் இடிஞ்சு கிடக்கு, பெருசா ஒண்ணும் இல்லை" என்பார்கள்.

இடிந்து கிடப்பது உண்மை. ஆனால் எது இடிந்தது, எது நின்றது, ஏன் என்பதில்தான் இந்த ஊரின் சுவாரசியமே இருக்கிறது. ரோமானியர் போன பிறகும் யாராவது குடியிருந்த கட்டடம் நின்றது. யாருக்கும் பயன்படாமல் போனதை, பக்கத்தில் வீடும் கோயிலும் கட்டியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எங்கே போனாலும் "ரோமானியர்களுக்கு அப்புறம் இதை யார் வைத்திருந்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். ஒரு இரவு தங்கி, ஒன்றரை நாள் செலவழிக்க முடிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்

பாரிஸிலிருந்து வருகிறவர்கள் அங்கேயே உள்ள 'லியோன் ஸ்டேஷன்' என்ற நிலையத்தில் டிஜிவி என்கிற அதிவேக ரயில் ஏற வேண்டும். ஆர்லுக்கு நேரடி வண்டிகள் குறைவு. பெரும்பாலும் அவின்யோனிலோ நீமிலோ இறங்கி டிஇஆர் என்கிற வட்டார ரயிலுக்கு மாற வேண்டியிருக்கும். இங்கே ஒரு சிக்கல். இந்த இரண்டு ஊர்களிலும் டிஜிவிக்குத் தனி ஸ்டேஷன், ஊர் நடுவில் வேறொரு ஸ்டேஷன். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷனில் இறக்கி எதில் ஏறச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மார்செய் பக்கமிருந்து வருவது சுலபம், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஏப்ரல் முதல் ஜூன் நடுவரை நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரும் பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் மண்டையைப் பிளக்கும். வட்டரங்கத்துக்குள் நிழலே கிடையாது. அதோடு ஜூலையில் சர்வதேசப் புகைப்பட விழா தொடங்கிவிடும். 1970லிருந்து நடக்கிற விழா அது. அந்த முதல் வாரத்தில் அறை கிடைப்பதே பெரிய காரியம். ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பரிலும் காளை விழாக்கள் உண்டு. அந்த நாட்களில் வட்டரங்கத்தைச் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள், ஊரே கூட்டமாக இருக்கும். குளிர்காலத்தில் கூட்டம் இல்லை, ஆனால் மிஸ்த்ரால் காற்று அடித்தால் தெருவில் நிற்க முடியாது. வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்று வெயில் அடிக்கும்போதே எலும்புக்குள் இறங்கும். ஒரு ஜாக்கெட் எப்போதும் கையில் இருக்கட்டும்.

நுழைவுச்சீட்டைத் தனித்தனியாக வாங்காதீர்கள். பல சின்னங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் உண்டு, முதலில் போகும் இடத்திலேயே கிடைக்கும். மூன்று இடத்துக்கு மேல் போவதாக இருந்தால் பாஸ்தான் லாபம். தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. என் வரிசையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் செவ்வாயன்று வந்து இறங்காதீர்கள்.

செருப்பு விஷயம் ஒன்று. ரோமானியப் படிக்கட்டுகள் ஒரே உயரத்தில் இருக்காது. நூற்றாண்டுக் கணக்காகத் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சரித்திரம், அவசியமான அளவுக்கு

கி.மு. 49இல் ஜூலியஸ் சீஸர் மார்செயை முற்றுகையிட்டார். அவருக்குக் கப்பல் தேவைப்பட்டது. ஆர்ல்காரர்கள் மரம் வெட்டிய நாளிலிருந்து முப்பது நாளில் பன்னிரண்டு போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். மார்செய் தோற்றது, ஆர்லுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கி.மு. 46இல் ஆறாவது படையணியின் ஓய்வுபெற்ற வீரர்களை இங்கே குடியேற்றி, ரோமானியக் குடியிருப்பாக ஆக்கினார்கள். நாடக அரங்கு, சந்தைவெளி (ஃபோரம்), வட்டரங்கம் எல்லாம் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் எழுந்தவை.

அப்புறம் ஒரு இரண்டாவது ஏற்றம். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் இங்கே வந்து தங்கினார். 314இல் கிறிஸ்தவ ஆயர்களின் பெரிய கூட்டம் ஒன்று இங்கே நடந்தது. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 'கால்' (Gaul) என்று ரோமானியர் அழைத்த இன்றைய பிரான்ஸ் பகுதியின் ஆட்சித் தலைமையகமே இங்கே வந்துவிட்டது. ரோம் சரிந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஊர் செழித்தது என்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

ஆக, ஊரில் நீங்கள் பார்ப்பது இரண்டு ரோமானியக் காலம். அடையாளம் காண ஒரு சுலபமான வழி: பெரிய பெரிய சுண்ணாம்புக் கல்லாகச் செதுக்கி அடுக்கியிருந்தால் பெரும்பாலும் முந்தைய காலம். சின்னக் கல்லும் செங்கல்லும் வரி வரியாக மாறி மாறி வந்தால் பிந்தைய காலம்.

முதல் நாள் காலை: ஊருக்கு வெளியே தொடங்குங்கள்

எல்லாரும் ஸ்டேஷனிலிருந்து நேரே வட்டரங்கத்துக்குப் போவார்கள். நீங்கள் பையை அறையில் போட்டுவிட்டு ஊரின் மறுகோடிக்கு, ஆற்றோரமாகத் தென்மேற்கே போங்கள். ஊர் நடுவிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். ஒரு வேகச்சாலைக்கு அடியில் போகும் வழி, அழகாக இருக்காது. அதைத் தாண்டினால் நீல நிறத்தில் முக்கோண வடிவக் கட்டடம் ஒன்று தெரியும். ஆரி சிரியானி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1995இல் திறந்த தொல்பொருள் அருங்காட்சியகம் அது. ஊர்க்காரர்களுக்கு அது 'நீல மியூசியம்'.

ஏன் இங்கே முதலில்? உள்ளே அரங்கு, வட்டரங்கம், சந்தைவெளி, தேர்ப்பந்தயத் திடல் எல்லாவற்றுக்கும் மாதிரி உருவங்கள் செய்து வைத்திருக்கிறார்கள். முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று மனதில் வாங்கிக்கொண்டால், பிறகு ஊருக்குள் இரண்டே தூணைப் பார்க்கும்போது மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள். மாதிரிகளைப் பார்க்காமல் அரங்குக்குப் போனால் வெறும் கல்மேடுதான் தெரியும்.

இங்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது படகுக்கு. 31 மீட்டர் நீளம், தட்டையான அடி, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சரக்குப் படகு. 2004இல் ரோன் நதியின் அடிச்சேற்றில் கண்டுபிடித்து, 2011இல் பத்துத் துண்டாக அறுத்து மேலே தூக்கி, மரத்தைப் பதப்படுத்தி, 2013இல் இங்கே வைத்தார்கள். கட்டடக் கல் ஏற்றிக்கொண்டு வந்த படகு, சரக்கோடு மூழ்கியது. பின்பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய மண்சாடி ஒன்றின் அடிப்பாதியை அடுப்பாக்கிச் சமைத்திருக்கிறார்கள். கூடவே அவர்கள் சாப்பிட்ட மண்பாத்திரங்கள். படகு கட்டியவர்கள் இரண்டு பலகைக்கு நடுவே ஒரு வெள்ளிக் காசை வைத்து மூடியிருந்தார்கள், நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று. பேரரசர்களின் தலைகளைவிட இந்தக் காசும் அடுப்பும்தான் எனக்கு ரோமானியர்களை ஆட்களாகக் காட்டியவை.

தலை என்றதும் சொல்ல வேண்டும். 2007இல் அதே ஆற்றிலிருந்து எடுத்த பளிங்குத் தலை ஒன்று இங்கே உண்டு. சீஸர் உயிரோடு இருந்தபோதே செய்த சிலை என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. சீஸர்தானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கழுத்துச் சுருக்கத்தையும் நெற்றியையும் பார்த்துவிட்டு நீங்களே ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள்.

சாடிகள் வரிசையாக அடுக்கிய பகுதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். கூர் அடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள ஆம்போராக்கள். மது, எண்ணெய், மீன் ஊறல் எல்லாம் இவற்றில்தான் கடல் தாண்டின. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த உடைசல்களும் இதே குடும்பம்தான். கடைசியாகச் சவப்பெட்டிகள். பளிங்கில் செதுக்கிய தொடக்ககாலக் கிறிஸ்தவச் சவப்பெட்டிகள் ரோமுக்கு வெளியே இவ்வளவு சேர்ந்திருக்கும் இடம் அரிது. அவை எங்கிருந்து வந்தன என்பதை நாளை காலை பார்ப்போம்.

வெளியே வந்ததும் திரும்பிப் போய்விடாதீர்கள். கட்டடத்தை ஒட்டியே தேர்ப்பந்தயத் திடலின் அடித்தளம் கிடக்கிறது. 450 மீட்டர் நீளம், இரண்டாம் நூற்றாண்டு நடுவில் கட்டியது. சதுப்பு நிலம் என்பதால் ஆயிரக்கணக்கில் மரக்கட்டைகளை அடித்து இறக்கி அதன்மேல் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மரங்களின் வளையங்களை எண்ணித்தான் 149 வாக்கில் கட்டினார்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் கல்லெல்லாம் பிடுங்கப்பட்டுவிட்டது. ஊருக்கு வெளியே இருந்தது, காவல் காக்கவோ குடியிருக்கவோ யாருமில்லை, போயிற்று. அதன் நடுவில் நின்ற ஒரே ஒரு பொருள் தப்பித்தது. அதைச் சாயங்காலம் பார்ப்பீர்கள்.

சாப்பாடு

மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கமார்க் சதுப்பு நிலத்தில் நெல் விளைகிறது, அதனால் இங்கே தட்டில் சோறு வரும், சிவப்பரிசிகூட உண்டு. கூட வரும் குழம்பு பெரும்பாலும் காளை மாட்டிறைச்சி. அசைவம் சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரொட்டியோடு வைக்கும் கறுப்பு ஆலிவ் விழுதில் பல இடங்களில் நெத்திலி போன்ற மீன் அரைத்திருக்கும். கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

முதல் நாள் பிற்பகல்: வட்டரங்கமும் அரங்கும்

வட்டரங்கம் கி.பி. 90 வாக்கில் கட்டியது. நீளவாட்டில் 136 மீட்டர், குறுக்கே 107. இரண்டு அடுக்கு, அடுக்குக்கு அறுபது வளைவு. சுமார் 20,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடம். மேலே இன்னொரு அடுக்கு இருந்தது, அது போய்விட்டது.

உள்ளே நுழைவதற்கு முன் வெளியிலேயே ஒரு முழுச் சுற்று வாருங்கள். ரோமானிய வளைவுக்கு மேல் சதுரமாக ஒரு கோபுரம் முளைத்திருப்பது தெரியும். இடைக்காலத்துக் காவல் கோபுரம் அது. நான்கு கட்டினார்கள், மூன்று நிற்கின்றன. ரோம் விழுந்த பிறகு ஊருக்குப் பாதுகாப்பில்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வளைவுகளை அடைத்து, வட்டரங்கத்தையே கோட்டையாக்கி, உள்ளே குடியேறிவிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிறு தேவாலயங்கள், நடுவில் ஒரு சதுக்கம். இப்படியே பல நூற்றாண்டுகள் ஓடின. 1820களில்தான் வீடுகளை வாங்கி இடித்துக் காலிசெய்யத் தொடங்கினார்கள். 1830இல் மறுபடி இங்கே காளைகள் ஓடின. அந்த வீடுகள் போனது நமக்கு நஷ்டம் என்றுகூட நினைக்கிறேன். ஒன்றிரண்டையாவது விட்டுவைத்திருக்கலாம். வீடுகள் இருந்ததால்தானே வட்டரங்கம் பிழைத்தது?

உள்ளே போனதும் படியேறும் அவசரத்தை அடக்கிக்கொண்டு கீழ்த்தளத்துச் சுற்றுத் தாழ்வாரத்தில் நில்லுங்கள். அண்ணாந்து பாருங்கள். வளைவுக் கூரை எதிர்பார்ப்பீர்கள், இருக்காது. பிரம்மாண்டமான தட்டைக் கற்பலகைகளைக் குறுக்கே போட்டு மூடியிருப்பார்கள். இதே மாதிரி வட்டரங்கம் பக்கத்து நீமிலும் உண்டு, ஆனால் அங்கே வளைவுக் கூரை. கிரேக்கப் பாணியில் பழகிய கொத்தனார் கை என்று சொல்வதுண்டு. அப்புறம் மேலே ஏறுங்கள். கோபுரம் ஒன்றின் உச்சிவரை போகலாம். அங்கிருந்து ஓட்டுக்கூரைகளும் ரோன் நதியும் தூரத்தில் அல்பீய் மலையும் தெரியும். படி குறுகல். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும்.

இங்கே இன்றும் காளை விளையாட்டு நடக்கிறது. இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்பானிய முறை கொரிதாவில் காளையைக் கொல்வார்கள். கமார்க் முறையில் கொல்வதில்லை. வெள்ளை உடை போட்ட இளைஞர்கள் காளையின் கொம்பில் கட்டிய குஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். கொம்பில் சல்லிக்காசு கட்டிய அந்தக்கால மஞ்சுவிரட்டை நினைத்துக்கொண்டால் புரியும். பார்க்க விருப்பமிருந்தால் டிக்கெட் வாங்குமுன் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் அரங்கு. நாடகம் நடந்த இடம். அகஸ்டஸ் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டின் முடிவில் கட்டியது. வட்டரங்கத்தைவிட நூறு வருடம் மூத்தது, ஆனால் நிலைமையைப் பாருங்கள். பத்தாயிரம் பேர் உட்கார்ந்த இடத்தில் கீழ்ப்படிகள் மட்டும் மிச்சம். மேடைக்குப் பின்னால் மூன்றடுக்குத் தூண்சுவர் இருந்தது. இரண்டே தூண் நிற்கிறது. ஊரில் அவற்றுக்கு 'இரண்டு விதவைகள்' என்று பெயர். ஐந்தாம் நூற்றாண்டிலேயே தேவாலயம் கட்ட இங்கிருந்து கல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அதன்மேல் வீடும் தோட்டமும் வந்தன.

மேடையின் முன்விளிம்பில் நீளமான பள்ளம் ஒன்று தெரியும். திரைக்கான பள்ளம் அது. நாடகம் தொடங்கும்போது ரோமானியத் திரை மேலே போகாது, கீழே இந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். 1651இல் இங்கே மண்ணுக்குள் கை இல்லாத வீனஸ் சிலை ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. ஊர்க்காரர்கள் அதைப் பதினான்காம் லூயி அரசருக்குக் கொடுத்தார்கள். ஜிரார்தோன் என்ற சிற்பி அதற்குப் புதுக் கைகள் வைத்து, ஒரு கையில் ஆப்பிளும் கொடுத்தார். வெர்சாய் அரண்மனைக்குப் போன சிலை இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. பாரிஸில் இருப்பவர்கள் அதைப் போய்ப் பார்க்கும்போது இந்தப் பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரங்கின் கோடைத் தோட்டப் பக்கம், தெற்கே, ரோலான் கோபுரம் என்று ஒன்று உண்டு. கோபுரம் என்று பேர்தானே தவிர, அது அரங்கின் வெளிச்சுவரில் ஒரே ஒரு துண்டு, மூன்று அடுக்கு வளைவோடு. அது மட்டும் எப்படித் தப்பியது? நகரமதிலோடு சேர்த்துக் கோபுரமாக்கிக்கொண்டார்கள். முழு அரங்கும் ஒருகாலத்தில் அந்த உயரம் இருந்தது. பணம் கொடுத்து உள்ளே போக மனமில்லாதவர்கள் தோட்டத்திலிருந்தும் வேலிக் கம்பி வழியாகவும் பாதியைப் பார்த்துவிடலாம், தப்பில்லை.

சாயங்காலம்: ரெபுப்ளிக் சதுக்கம்

வெயில் தணிந்ததும் ஊர் நடுவிலுள்ள ரெபுப்ளிக் சதுக்கத்துக்கு வாருங்கள். நடுவில் நிற்கும் ஒற்றைக் கல்தூண்தான் தேர்ப்பந்தயத் திடலிலிருந்து தப்பிய பொருள். எகிப்தியது மாதிரி இருக்கும், ஆனால் எழுத்து எதுவும் கிடையாது. கல் இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த கிரானைட். உடைந்து மண்ணில் கிடந்ததை எடுத்து ஒட்டி, 1676இல் லூயி அரசரின் பெருமைக்காக இங்கே நிறுத்தினார்கள்.

சதுக்கத்தின் கிழக்கே சேன் த்ரோஃபீம் தேவாலயம். 1178இல் பார்பரோஸா என்ற பிரெடரிக் பேரரசர் இங்கேதான் ஆர்லின் அரசராக முடிசூட்டிக்கொண்டார். மாலை வெயில் நேரே வாசலில் விழும், அதற்காகத்தான் இந்த நேரத்தில் வரச் சொன்னேன். இந்த வாசல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. கொஞ்சம் எட்டி நின்று பார்த்தால் ரோமானிய வெற்றி வளைவின் சாயல் தெரியும். அந்தச் சிற்பிகள் ரோமானியக் கட்டடங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள், வேறெப்படிச் செதுக்குவார்கள்?

மேலே நடுவில் கிறிஸ்து, சுற்றி நான்கு சுவிசேஷகரின் சின்னங்கள். அதற்குக் கீழே நீளப் பட்டையில், நம் வலப்பக்கம், பாவிகளை ஒரே சங்கிலியில் கோத்து நரகத்துக்கு இழுத்துப் போகிறார்கள். இன்னும் கீழே, ஸ்தேவான் என்ற கிறிஸ்தவத் தியாகியைக் கல்லால் அடிக்கும் காட்சி. அவர் வாயிலிருந்து உயிர் ஒரு சின்னப் பிள்ளை உருவில் வெளியே வர, தேவதூதர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள். தூண்களின் அடியில் சிங்கங்கள். மொபைல் கேமராவில் ஜூம் செய்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. நான்காம் நூற்றாண்டுச் சவப்பெட்டி ஒன்று ஞானஸ்நானத் தொட்டியாக நிற்பதைத் தேடிப் பிடியுங்கள். கல்லை வீணாக்காத ஊர்! பின்பக்கத்து உள்முற்றத்துக்குத் தனி வாசல், பாஸ் செல்லும். நான்கு தாழ்வாரத்தில் வடக்கும் கிழக்கும் அரைவட்ட வளைவுள்ள பழைய ரோமனெஸ்க் பாணி, தெற்கும் மேற்கும் கூர்வளைவுள்ள பிற்காலக் கோதிக் பாணி. மூலையில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள், வித்தியாசம் சொல்லித்தர ஆள் தேவையில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஃபோரம் சதுக்கம் பக்கம் எல்லாரும் போவார்கள். வான்கோ இரவில் வரைந்த காப்பிக்கடை அங்கேதான். விலை டூரிஸ்ட் விலை. சாப்பிடாவிட்டாலும் போய், ஒரு ஓட்டலின் சுவரில் பதிந்திருக்கும் இரண்டு ரோமானியத் தூணையும் மேலே உடைந்த முக்கோண முகப்பையும் பாருங்கள். பெயரை வைத்து இதுதான் ரோமானியச் சந்தைவெளி என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான சந்தைவெளி சற்றுத் தெற்கே இருந்தது. அதற்குக் கீழேதான் நாளை இறங்கப் போகிறோம்.

வான்கோ பற்றி ஒரு வார்த்தை. 1888 பிப்ரவரியிலிருந்து 1889 மேவரை இங்கே இருந்தார், வரைந்து தள்ளினார். ஆனால் அவர் ஓவியம் ஒன்றுகூட இந்த ஊருக்குச் சொந்தமாக இல்லை. அவர் பெயரிலுள்ள காட்சிக்கூடத்தில் இருப்பது இரவல் வாங்கி வைத்தது. அவர் குடியிருந்த மஞ்சள் வீடும் 1944 குண்டுவீச்சில் போய்விட்டது. ஏமாற்றத்தைத் தவிர்க்க முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள்: நிலத்தடி, வெந்நீர், கல்லறை

காலையில் நகரமன்றக் கட்டடத்துக்குப் போங்கள், நிலத்தடித் தாழ்வாரத்துக்கு வழி அதற்குள்தான். இறங்குமுன் கீழ்த்தள முன்கூடத்தின் கூரையைப் பாருங்கள். 1670களில் கட்டியது. அவ்வளவு அகலக் கூரை, கிட்டத்தட்டத் தட்டையாக, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு பூட்டிக்கொள்ளும் கோணத்தில் வெட்டியிருக்கிறார்கள். நாடு முழுக்கச் சுற்றித் தொழில் கற்கும் கல்தச்சர்கள் இதைப் பார்க்கவென்றே இங்கே வருவது வழக்கமாக இருந்தது.

அப்புறம் படியிறங்குங்கள். ரோமானியச் சந்தைவெளிக்கு மட்டமான இடம் வேண்டும், ஊரோ சரிவில் இருந்தது. பள்ளமான பக்கத்தில் இரட்டைத் தாழ்வாரங்களை ப வடிவில் கட்டி, அதன் தலைமேல் சதுக்கத்தை விரித்தார்கள். சுமார் 90 மீட்டருக்கு 60 மீட்டர். கி.மு. முதல் நூற்றாண்டு வேலை. உள்ளே வெளிச்சம் குறைவு, தரை ஈரம், மேலிருந்து சொட்டும். கோடையிலும் சில்லென்று இருக்கும். பார்க்க அலங்காரம் எதுவும் இல்லை, வளைவுக்குப் பின் வளைவு மட்டும்தான். ஊரிலேயே எனக்குப் பிடித்த இடம் இது. மேலே நடமாடும் ஊர் முழுக்க எதன்மேல் நிற்கிறது என்று இங்கே வந்தால்தான் உறைக்கும். பிற்கால வீடுகளுக்கு நிலவறையாகப் பயன்பட்டதால் இதுவும் பிழைத்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியை விடாதீர்கள்.

அடுத்து ஆற்றோரம் கான்ஸ்டன்டைன் குளியலகம். இருபது நிமிடம் போதும். நான்காம் நூற்றாண்டுக் கட்டடம், அரைவட்டச் சுவரில் செங்கல்லும் கல்லும் பட்டை பட்டையாக வருவதைப் பாருங்கள், முதலில் சொன்ன அடையாளம் இதுதான். வெந்நீர் அறையில் தரைக்குக் கீழே செங்கல் குட்டைத்தூண்கள் தெரியும். பக்கத்தில் உலை எரியும். சூடான காற்று இந்தத் தூண்களுக்கு இடையே ஓடித் தரையைச் சூடாக்கி, சுவருக்குள் வைத்த குழாய்கள் வழியாக மேலே போகும். எத்தனையோ ரோமானியக் குளியலகங்களில் பலகையில் வரைந்து விளக்குவதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசியாக அலிஸ்கான். ஊருக்குத் தென்கிழக்கே, பதினைந்து நிமிட நடை. ரோமானியர்கள் ஊருக்குள் புதைக்கமாட்டார்கள், சாலையோரமாக வெளியேதான். ஜெனேசியுஸ் என்ற புனிதரை இங்கே அடக்கம் செய்ததால் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் போதும் என்று கிறிஸ்தவர்கள் போட்டி போட்டார்கள். ரோன் நதியின் மேற்பகுதி ஊர்க்காரர்கள் சடலத்தைப் பீப்பாயில் வைத்து, அடக்கச் செலவுக்குக் காசும் சேர்த்து, ஆற்றோடு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. நம்புவது உங்கள் விருப்பம்.

இப்போது மிஞ்சியிருப்பது மரங்களுக்கு நடுவே ஒரு நீளப் பாதை, இருபக்கமும் வெறும் கல் சவப்பெட்டிகள், முடிவில் சேன் ஓனொரா தேவாலயம். செதுக்கு வேலையுள்ள பெட்டிகளை ஊர்ப் பெரியவர்கள் ராஜாக்களுக்கும் பிரமுகர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார்கள். மிச்சத்தில் நல்லவை நேற்றுப் பார்த்த மியூசியத்துக்குப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதையும் பட்டறையும் வந்து கல்லறையின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. 1888 இலையுதிர்காலத்தில் வான்கோவும் இன்னொரு ஓவியரான கோகனும் இந்தப் பாதையில் நின்று வரைந்தார்கள். வான்கோ படம் ஒன்றில் ஆலைப் புகைபோக்கியும் இருக்கிறது; அந்த ரயில் பட்டறைதான்.

இன்னொரு அரைநாள் இருந்தால்

சனிக்கிழமையாக இருந்தால் லீஸ் பெருஞ்சாலையில் சந்தை கூடும். அரிசி, ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

காரோ சைக்கிளோ இருந்தால் வடகிழக்கே ஃபோன்வியேய் பக்கம் பார்பெகால் போகலாம். மலைச்சரிவில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு எட்டு வீதம் பதினாறு தண்ணீர்ச் சக்கரம் வைத்து மாவரைத்த ரோமானிய ஆலை, இரண்டாம் நூற்றாண்டு. மேல் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் அப்படியே கீழ்ச் சக்கரத்துக்கு இறங்கும். சாலையோரம் உடைந்த கால்வாய்ப் பாலம் கண்ணில் பட்டதும் வண்டியை நிறுத்துங்கள். அதை ஒட்டியே நடந்தால் பாறையை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்ட இடம் வரும். அதில் புகுந்து வெளியே வந்ததும் சரிவு முழுக்க ஆலையின் சுவர்கள் கீழே இறங்கும். சீட்டுக் கொடுப்பவர் இல்லை, கைப்பிடி இல்லை, நிழலும் இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள்; மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், சுவரோரத்துக் கற்கள் காலடியில் நழுவும்.